பாட்டில் தலை மேல இருக்கணும்

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உங்கள் சுகத்தையும் என் மகள் சுகத்தையும் கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கும் உங்கள் அத்தையே நேரில் விசாரித்திருப்பாள். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசித்தானே மாப்பிள்ளை இவ்வளவு வினையும்!

போன மழையில் நம் லாண்டரிச் சுவரிலிருந்து ஒரு பொறி பறந்தது. மிஷினுக்குக் கரண்ட் போகிற இடம்தான். அதை உங்கள் அத்தை உங்களிடம் சொல்ல, தீயணைப்புச் சாமான் விற்பவராகிய நீங்கள் உடனே ஒரு சிவப்புப் பாட்டிலும் ஒரு சுருள் குழாயும் பார்சல் போட்டீர்கள். சூடு பட்டால் குழாய் தானே உருகி வெடிக்கும், பவுடர் பாய்ந்து நெருப்பை அமுக்கும், ஆளே வேண்டாம். நல்ல பொருள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. வந்து மாட்டித் தரத்தான் உங்களுக்கு நேரமில்லை. "ரொம்ப சுலபம் மாமா. பெட்டியோட மேல்பக்கமா, சூடு ஏறுற இடத்துல குழாய் போகணும். பாட்டில் தலை மேல இருக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள்.

லாண்டரிக்காரனிடம் பெட்டி என்றால் எந்தப் பெட்டி மாப்பிள்ளை? யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இஸ்திரிப் பெட்டி. சூடு ஏறுகிற பெட்டியும் அதுதான். சரி, பாட்டில் தலை மேல் என்றால் யார் தலை மேல்? பெட்டி போடுகிற உங்கள் அத்தை தலை மேல்தானே! நானே ஏணி வைத்து ஏறி, இஸ்திரி மேஜைக்கு மேலே பலகை அடித்து, பாட்டிலைப் படுக்க வைத்துக் கட்டி, குழாயை இறக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டேன். "இது எதுக்குங்க என் தலைக்கு மேல?"ன்னா. "மாப்பிள்ளையே சொல்லிட்டார், எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்"னேன். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு பேசாம வேலையப் பாத்தா பாவம்.

தேய்க்கக் கொடுத்திருந்த கறுப்புக் கோட்டைத் திருப்பி வாங்க வக்கீல் வந்தார். அவசரம் என்றார். இவள் பெட்டியில் சூட்டை முழுசாக ஏற்றினாள். கோட்டின் கையைத் தேய்த்துக்கொண்டே பெட்டியை ஓரமாக, குழாயை ஒட்டி ஒதுக்கினாள் பாருங்கள், டப் என்று ஒரு சத்தம், பிறகு புஸ்ஸ்ஸ்! கண்ணைத் திறந்தால் கடையில் கறுப்பு என்று ஒரு பொருள் இல்லை. கோட்டு வெள்ளை, வக்கீல் மீசை வெள்ளை, உங்கள் அத்தை உச்சி முதல் பாதம் வரை வெள்ளை. தலைக்கு மேலே பவுடர் போனபின் சாண் என்ன, முழம் என்ன. "நான் இப்ப கோர்ட்டுக்குப் போகணுமா, மாவு மில்லுக்குப் போகணுமா?"ன்னு வக்கீல் கேக்குறார். நான் என்ன செஞ்சேன்? சந்தோஷம் தாங்காம கையத் தட்டிட்டேன். "வேலை செய்யுது! சூப்பரா வேலை செய்யுது!"ன்னு கத்தினேன்.

அங்கேதான் வந்தது வினை. உங்கள் அத்தை வக்கீலின் சலவைச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்தாள். "நான் உயிரோட இருக்கேனான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? பாட்டில் வேலை செய்யுதாம்ல!" என்றாள். அடுத்த பஸ்ஸில் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். இது துணிப் பெட்டி.

பிறகு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, பெட்டின்னா சுவத்துல இருக்குற கரண்ட் பெட்டி! குழாய் அதுக்குள்ள, சுவிட்சுக்கெல்லாம் மேலாப்புல ஓடணும், சூடு அங்கதான் தேங்கும். ஒயர் வர்ற ஓட்டைய அடைக்கணும், இல்லன்னா பவுடர் பூரா வெளிய ஓடிரும். பாட்டில் நேரா நிக்கணும், வால்வு இருக்குற தலை மேல பாத்து. பாட்டிலோட தலைண்ணே, அண்ணியோட தலை இல்ல!"

ஆக, குற்றம் யாருடையது? உங்களுடையது. 'பாட்டிலோட' என்று சொல்லாமல் 'ஓட'வை நீங்கள் விழுங்கிவிட்டதால் உங்கள் அத்தை இங்கிருந்து ஓடிவிட்டாள். 'தப்பு என்மேல்தான் அத்தை' என்று நீங்களே அவளிடம் ஒத்துக்கொள்ளவும். மற்றபடி அவள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அங்கே இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. சமையல் பிரமாதம். கடையில் கூட்டம் சமாளிக்க முடியவில்லை. நீங்களும் என் மகளும் நெருப்பில்லாமல், புகையில்லாமல், முக்கியமாகப் பவுடரில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கழுவக் கழுவ வெளுத்துக்கொண்டே போகும் உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: நீங்கள் 'பாட்டிலோட தலை' என்றுதான் சொன்னீர்கள் மாப்பிள்ளை. மிஷின் சத்தத்தில் என் காதில்தான் விழவில்லை. கடை அன்றைக்குப் பூட்டியதுதான், இன்னும் திறக்கவில்லை. அவள் இல்லாத கடையில் எனக்கு நிற்கவே பிடிக்கவில்லை. சமையலைப் பற்றிக் கேட்காதீர்கள். இதைத் தபாலில் போடவில்லை, உங்கள் வாட்ச்மேனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். கீழே கேட்டுக்கு வெளியில் நிற்கிறேன். அத்தை எப்படி இருக்கிறாள் என்று முதலில் அவளைக் கேட்டுவிட்டு, ஜன்னல் வழியாக ஒரு சைகை காட்டுங்கள், மேலே வருகிறேன். பாட்டிலும் கையில்தான் இருக்கிறது. தலை மேலே இருக்கும்படி நேராகத்தான் பிடித்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.