கீரப்பாளையத்துக் கதிர்வேல்

மாலை ஆறு மணி ஐம்பத்தைந்து நிமிடம். கடலூரில் காலையிலிருந்து கொட்டிய மழை சற்றே தணிந்து, மஞ்சக்குப்பத்து மின்கம்பிகளில் துளித்துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் சுப்புராயன் தம் அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டார். கைப்பேசியைத் தலையணைமேல் சாய்த்து நிறுத்தினார். தம் குரல் வெளியே போகாதபடி மைக்கை அணைத்தார். முகம் தெரியாதபடி கேமராவையும் அணைத்தார். அதன் பிறகும் நம்பிக்கை வராமல், கேமராவின் கண்மீது ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டினார். பணிக்காலம் முழுவதும் பிட்டு அடித்தவர்களைப் பிடித்தவர் அவர். தாம் பிடிபடாமல் இருக்கும் வழியும் அவருக்குத் தெரிந்துதானே இருக்கும்?

கதவுக்கு வெளியே மனைவி மாலதியின் குரல் கேட்டது.

"மாமா, உள்ள என்னா பண்றீங்க?"

"சொற்பொழிவு கேக்கப் போறேன்."

"நேத்து கேக்கலியே?"

"திங்கள், புதன், வெள்ளிதான்."

"மத்த நாள்ல சாமிக்கு லீவா?"

"மாலதி, ஆன்மிகத்துல கிண்டல் கூடாது."

"கிண்டல் இல்ல மாமா. சொற்பொழிவுக்கு எதுக்கு ஸ்கேலும் பென்சிலும் எடுத்துட்டுப் போனீங்க?"

"கோபுரம் வரையறதுக்கு."

"சரி, கோபுரம் முடிஞ்சதும் சொல்லுங்க. இட்லி ஊத்தறேன்."

சொற்பொழிவு என்று எதுவும் இல்லை. அங்கே நடந்தது, அவருடைய ஒரே மகன் சேரனின் கணக்கு வகுப்பு.

சேரன் சிதம்பரத்தில் பொறியியல் படித்தவன். மூன்றாம் ஆண்டில் கணக்கில் மூன்று அரியர் வைத்துவிட்டுப் படிப்பை நிறுத்தினான். கணக்கு வாத்தியாரின் மகன் கணக்கில் தோற்ற செய்தி, வாத்தியாருக்கு முன்பே ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டது. மகனை அழைத்துவரப் போன சுப்புராயன், திரும்பும் பேருந்தில் தாம் முன் இருக்கையிலும் அவன் கடைசி இருக்கையிலுமாகக் கடலூர் வந்து சேர்ந்தார். வாசற்படியில் வைத்து, "இனிமே ஓம் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்றார். அவன் செருப்பைக் கழற்றாமலேயே திரும்பிச் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினான். அதற்கு ஆறு வருடம் ஆகிறது. இரண்டு ஊருக்கும் இடையே ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.

அங்கே கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தபடி, தபால் வழியில் பட்டம் முடித்து, கணக்கு என்றாலே நடுங்குகிறவர்களுக்காக இணையத்தில் ஒரு குழுவைத் தொடங்கியிருந்தான் சேரன். அந்தக் குழுவில் வாத்தியார் என்று தனியாக ஒருவர் கிடையாது. நேற்றுப் புரிந்துகொண்டவர் இன்று புரியாதவருக்குச் சொல்வார். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் திருத்துவார். ஸ்ரீமுஷ்ணத்து நர்ஸ் ஒருவர் இருந்தார். பரங்கிப்பேட்டையிலிருந்து நஜியா, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டே வங்கித் தேர்வுக்குப் படித்தாள். இப்படி நாற்பது பேர்.

சுப்புராயன் நெடுநாள் யோசித்து ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தார். முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுதான் சொன்னார். குரலைக் கேட்க மாட்டேன் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஆகவே 'கதிர்வேல், கீரப்பாளையம்' என்ற பெயரில் குழுவில் சேர்ந்தார். வகுப்பு நடக்கும்போது திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். பாடம் எழுதிய பலகை திரையில் வந்தால் மட்டும் திரும்புவார். ஏழு மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று வகுப்பு தொடங்கியதுமே சேரன் சொன்னான்: "இன்னிக்கோட நான் வரல. கத்தார்ல வேலை கெடச்சிருக்கு. காலைல மொத பஸ்ல ஏர்போர்ட்டுக்குக் கெளம்பறேன்."

"அப்ப எங்களுக்கு யாரு சார்?" என்றாள் நஜியா.

"ஒங்களுக்கு நீங்கதான்க்கா. நான் இப்பல்லாம் வாயே தொறக்கறதில்ல, நீங்களேதான சொல்லிக் குடுத்துக்கிறீங்க. அங்க எனக்கு ராத்திரி ஷிப்டு. என்னால வர முடியாது."

சுப்புராயனின் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. திரையின் அடியில் பொத்தான்கள் வரிசையாக நின்றன. கையை உயர்த்த ஒன்று, கைதட்ட ஒன்று, சிரிக்க ஒன்று. மகன் கடல் தாண்டிப் போகிறான் என்று கேட்ட தகப்பன் அழுத்துவதற்கென்று அதில் எதுவும் இல்லை. கை திரும்பி வந்து மடியில் விழுந்தது.

"கடைசியா ஒரு சின்னக் கணக்கு" என்று சேரன் பலகையைத் திரைக்குக் கொண்டுவந்தான். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்று எழுதினான். அதன் எதிரே, ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதிக் கோடு போட்டான். "அவ்ளோதான். சரியா?"

சுப்புராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் நிற்க வேண்டிய இரண்டு ஏபியைக் காணோம்.

யாராவது திருத்துவார்கள் என்று காத்திருந்தார். ஸ்ரீமுஷ்ணத்து நர்ஸ் கட்டைவிரலை உயர்த்தினார். "சரி சார்" என்றாள் நஜியா. யாரோ கைகூடத் தட்டினார்கள். சுப்புராயனுக்கு வேர்த்தது. கட்டில் நுனிக்கு நகர்ந்தார். எழுந்தார், உட்கார்ந்தார். ஆறு வருட மௌனத்தைத் தாங்கிய மனிதருக்கு இந்த அரை நிமிடத்தைத் தாங்க முடியவில்லை. மைக்கைத் திறந்தார்.

"தப்பு."

"யாருங்க பேசறது?" என்றான் சேரன்.

"கதிர்வேல். கீரப்பாளையம்." குரலை மாற்ற முயன்றார். ஜலதோஷம் பிடித்தாற்போல் வந்தது. "நடுவுல ரெண்டு ஏபி எங்க போச்சு?"

"அது ஏன் சார் வரணும்? எனக்குச் சின்ன வயசுலேருந்தே அது புரிஞ்சதில்ல. கேட்டா அடி விழும்னு கேக்காமயே விட்டுட்டேன்."

மழை மறுபடியும் வலுத்து ஜன்னல் கம்பியில் தெறித்தது. சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, தம் வகுப்பறைகள் ஒருநாளும் கேட்டிராத குரலில் தொடங்கினார்.

"சதுரமா ஒரு மனை இருக்குன்னு வச்சிக்கங்க. அது ஏ ஸ்கொயர். அத அடுத்தடுத்த ரெண்டு பக்கமும் பி அளவுக்கு நீட்டி இன்னும் பெரிய சதுரமாக்கறோம். மூலைல சின்னதா ஒரு புது சதுரம் வரும். அது பி ஸ்கொயர். இந்த ரெண்டு மட்டும் இருந்தா மனை முழுசாயிடுமா?"

"ஆவாதுங்க சார்."

"ஆவாது. நடுவுல நீட்டமா ரெண்டு துண்டு கெடக்கும். ஒரு ஓரம் பெருசத் தொட்டுக்கிட்டு, ஒரு ஓரம் சின்னதத் தொட்டுக்கிட்டு. அதுதான் ரெண்டு ஏபி. அத விட்டுட்டா, பெருசும் சின்னதும் வெறும் மூலையில ஒட்டிக்கிட்டு நிக்கும். புரிஞ்சுதுங்களா?"

மகனிடம் அவர் 'புரிந்ததா' என்று கேட்டது அதுவே முதல் முறை.

"புரிஞ்சுது சார்." சேரனின் குரல் கரகரத்தது. நெட்வொர்க் கோளாறாக இருக்கும் என்று சுப்புராயன் எண்ணிக்கொண்டார்.

"ஊருக்குப் போறீங்களாமே தம்பி. ஒடம்பப் பாத்துக்கங்க. வெயில் ஜாஸ்தின்னு சொல்றாங்க."

"சரிங்க சார். ஒங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஒருத்தருக்குத்தான் கொஞ்சம் பிடிவாதம்."

அதற்கு மேல் பேசினால் ஜலதோஷம் மெய்யாகிவிடும் போலிருந்தது. மைக்கை மூடினார். வகுப்பு முடிந்தும் நெடுநேரம் கழித்தே கதவைத் திறந்தார். கதவை ஒட்டிய சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தாள் மாலதி.

"கோபுரம் முடிஞ்சுதா மாமா?"

"இங்க ஏன் ஒக்காந்திருக்க?"

"காது சரியா கேக்கலன்னு சத்தத்த முழுசா வச்சிக் கேக்கறீங்க. வாரத்துல மூணு நாளு எம் புள்ள கொரல் இந்த வீட்ல கேக்குது. தெரியும்னு சொன்னா நிறுத்திடுவீங்க. அதான் கதவுக்கு இந்தப் பக்கமே இருந்துட்டேன்."

சுப்புராயன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கப்பா பேசணும்னா ரெண்டு ஏபிய விட்டுடுடான்னு போன்ல நான்தான் அவன்கிட்ட சொன்னேன்" என்றாள் மாலதி.

"ஒனக்கு எப்பிடித் தெரியும் ரெண்டு ஏபி?"

"அந்தப் பேரச் சொன்னதும், யாரும் திருத்தக் கூடாதுன்னு குழுவுல சொல்லி வச்சதும் அவன்தான். எனக்குக் கணக்கு தெரியாது மாமா. ஒங்களத் தெரியும். சாம்பார்ல உப்பில்லன்னாகூட பேசாம சாப்புட்டுட்டுப் போவீங்க. எதிர்வீட்டுப் புள்ள வாய்ப்பாட்ட தப்பாச் சொன்னா, பாதி ஷேவிங்ல தெருவத் தாண்டி ஓடுவீங்க."

"நான் சேரன்கிட்ட பேசல. பேசினது கதிர்வேல்."

"சரி. காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வருவாரான்னு கதிர்வேல் சாரக் கேட்டுச் சொல்லுங்க. அவன் வர்ற பஸ் நம்ம ஊருல பத்து நிமிஷம் நிக்கும்."

"கீரப்பாளையத்துலேருந்து வரணுமே. அவ்ளோ வெள்ளன பஸ் கெடைக்காது."

மாலதி சிரிக்கவில்லை. எழுந்து இட்லி ஊற்றப் போனாள்.

மறுநாள் காலை மழை விடவில்லை. சேரன் சிதம்பரத்தில் முதல் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பரங்கிப்பேட்டையில் நஜியா, குழந்தை எழுவதற்குள், அடுத்த வகுப்புக்கான கணக்கைக் குழுவில் இட்டாள். மாலதி புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு இரண்டு குடைகளை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். சோற்றைக் கொடுத்துவிட்டு, மகனின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்தாள். ஒரு குடை விரிக்கப்படாமலேயே வீடு திரும்பியது. சுப்புராயன் முகம் மழித்து, சலவைச் சட்டை அணிந்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு, பேருந்து கடலூரைக் கடந்திருக்கும் நேரம்வரை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குழுவில் இட்டார்: 'பயணம் நல்லபடி அமையட்டும். சேர்ந்ததும் தகவல் தரவும். கதிர்வேல், கீரப்பாளையம்.'

சேரனின் பதில் உடனே வந்தது: 'சரிப்பா.'

நாற்பது பேரில் ஒருவர்கூட, இதில் அப்பா யார் என்று கேட்கவில்லை.