பட்டர் மாஸ்டரின் கெட்ட கொழுப்பு

“மாப்ளே, பேரைக் கேட்டா என் பேரைச் சொல்லு. வயசைக் கேட்டா நாப்பத்தெட்டு. மத்ததுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டு!”

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில், மனைவியின் தம்பியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார் பட்டர் மாஸ்டர். இருபது வருடமாகச் சொந்த பேக்கரியில் வெண்ணெயோடு புழங்குகிறவருக்கு வேறென்ன பட்டப்பெயர் வரும்?

“மாமா, எனக்கு ஊசின்னாலே உதறும்!”

“எனக்கு உங்க அக்கான்னா உதறுதே, அதுக்கென்ன பண்றது?”

நியாயமான பயம்தான். மூன்று மாதத்துக்கு முன் அவருடைய கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்திரண்டு.

“இது ரத்தக்குழாய்ச் சுவர்ல படியும். நல்ல கொழுப்பு அதைக் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளும். உங்களுக்குக் குப்பை ஜாஸ்தி, துடைப்பம் சின்னது. மூணு மாசத்துல நூத்தி முப்பதுக்குக் கீழே கொண்டு வாங்க” என்றார் டாக்டர்.

மனைவி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். “குறையலேன்னா அடுப்புப் பக்கமே போகக் கூடாது. வாசல்ல உக்காந்து டோக்கன் கிழிங்க.”

ருசி பார்க்காதவர் என்ன மாஸ்டர்? வாயைக் கட்டுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, ருசி பார்த்தே தட்டுத் தட்டாகக் காலி செய்தார். கெடு வந்ததும் மச்சான் ஞாபகம் வந்தது. ஊதினால் பறக்கிற உடம்பு! அதில் கொழுப்புக்கு இடமேது?

மாலையில் மனைவியே போய் ரிப்போர்ட்டை வாங்கி வந்தாள். முகம் உம்மென்றிருந்தது.

“இருநூத்திப் பதினாலு!”

“எது?”

“ம்ம், நம்ம வீட்டு நம்பர்! உங்க கொழுப்புதான்!”

“கொடு, நான் பாக்கறேன்.”

“இத்தனை நாள் பார்த்து என்னத்தக் கிழிச்சீங்க?” என்று அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள். “இன்னும் மூணு மாசம்தான். அப்புறம் டோக்கன்!”

மாஸ்டருக்கு டோக்கன் காதிலேயே விழவில்லை. ஐயையோ, அது அந்தப் பிள்ளையின் ரத்தமாச்சே! மச்சான் வீட்டுக்கு ஓடினார்.

“எனக்கா? நான் ஒல்லியா இருக்கேனே மாமா!”

“ஒல்லியா இருந்தாலும் வருமாம்டா. டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். வா, இன்னொரு டெஸ்ட் எடுத்துடலாம்.”

“இன்னொரு ஊசியா? செத்தாலும் மாட்டேன்!”

அப்படியானால் நடைதான் வழி. மச்சான் தனியாக நடக்க மாட்டான் என்று மாஸ்டரும் கூடவே நடந்தார். தனியாகப் பத்தியம் இருக்க மாட்டான் என்று மாஸ்டரும் வெண்ணெயை விரல்நுனியோடு நிறுத்தினார்.

ஏற்கெனவே குச்சியாக இருந்தவன் மேலும் இளைத்தான். இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை.

“முத்திருச்சு மாமா!” என்று அழுதான்.

மாஸ்டர் பதறிப்போய் நடையை இரண்டு மடங்காக்கினார். அவன் மேலும் இளைத்தான். மாஸ்டர் தினமும் அவன் இடுப்பை நூல் வைத்து அளந்தார். தன் வயிறும் பாதியாகிவிட்டதை அவர் கவனிக்கவேயில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் மனைவி, மச்சான் சகிதமாகப் போய், இந்தத் தடவை தன் கையையே நீட்டினார். ரிப்போர்ட் வந்தது. நூற்று இருபத்தெட்டு!

“ஜெயிச்சுட்டேன்டீ!” மாஸ்டர் துள்ளிய துள்ளலில் நாற்காலி கவிழ்ந்தது.

“அடுப்பு உங்களுக்குத்தான்” என்றாள் மனைவி. அவள் கண்கூடக் கலங்கியிருந்தது.

“மாப்ளே, நானே இறக்கிட்டேன், உனக்கென்னடா? தைரியமா உள்ளே போ!”

ரிப்போர்ட் கொடுத்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“இதுக்கா சார் இந்தக் குதி குதிக்கிறீங்க? போன தடவை எழுபத்தெட்டுதானே இருந்துச்சு? இந்த அம்மாகூட அன்னைக்கு அதைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்களே!”