உடுத்திக் காட்டிய பல்

இந்த ஜென்மத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காருவதில்லை என்று நான் தீர்மானம் செய்து பல வருஷம் ஆகிறது. தீர்மானத்தில் நான் உறுதியாகத்தான் இருந்தேன். என்னை மீறி அது எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன்.

என்னைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். ரங்கநாதன் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கடை வரைக்கும், கையில் இருக்கும் டிபன் கேரியரில் ஒரு சொட்டு குழம்பு சிந்தாமல் நடந்து வருபவன். தீபாவளிக்கு முதல் நாள் இரண்டு சம்பந்திகள் ஒரே சேலையைப் பிடித்து இழுத்தபோது நடுவில் புகுந்து, சேலையும் கிழியாமல் சம்பந்தமும் கிழியாமல் காப்பாற்றியவன். அப்படிப்பட்ட எனக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே கை சில்லிட்டுவிடும். சாய்ந்துகொள்ளச் சொல்வார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள். திறந்த பிறகு கேள்வி கேட்பார்கள். வாயை வைத்துப் பிழைக்கிற வியாபாரிக்கு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பதைவிட வேறு அவமானம் கிடையாது.

என் தொழிலில் இரண்டு விஷயத்துக்கு நான் பெயர் வாங்கியவன். ஒன்று, பாஷை. தமிழ், தெலுங்கு, ஹிந்தி, உருது, கொஞ்சம் மலையாளம். வாசலில் கால் வைக்கும் தோரணையிலேயே எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்து, அந்த பாஷையிலேயே வரவேற்பேன். இரண்டாவது, உடுத்திக் காட்டுவது. வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு அம்மாள் யோசித்தால் போதும். சேலையை விரித்து, பேன்ட் சட்டைக்கு மேலேயே கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் ஒரு தடவை திரும்புவேன். மீசை வைத்த ஆளுக்கே இவ்வளவு எடுப்பாக இருக்கிறதே என்று அந்த அம்மாளுக்குத் தோன்றும். பில் போட்டுவிடலாம்.

இப்போது பல்லுக்கு வருகிறேன். வலது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தினது. சூடாகக் குடித்தால் ஒரு சுரீர். குளிர்ச்சியாகக் குடித்தால் பல சுரீர். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டே காலத்தை ஓட்டினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மனைவி ஷண்முகப்ரியாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஏற்கெனவே நான்கு வயதில் அஸ்வத் என்று ஒரு பையன் இருக்கிறான். ஒரு நாள் காலையில் வாஷ்பேசினில் துப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஈறுல ரத்தம் வருது. செக்கப்புல சொன்னேன். பல் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிட்டாங்க. கூட வர்றீங்களா?"

கூடப் போனால் என்ன நடக்கும் என்று தெரியும். வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒரு தடவை காட்டிடுங்க என்பாள். அதனால் சாத்தான்குளத்தில் இருக்கும் என் அம்மாவைத் துணைக்கு இழுத்தேன்.

"மாசமா இருக்கறப்ப பல்லுல கை வைக்கக் கூடாது பிரியா. எங்கம்மா சொல்லுவாங்க."

"டாக்டர் வைக்கலாம்னு சொல்றாங்க. நாலாம் மாசத்துலருந்து ஆறாம் மாசம் வரைக்கும் நல்ல நேரமாம். விட்டு வச்சாத்தான் ஆகாதாம்."

"ஊசியெல்லாம் போடுவாங்களே."

"எனக்குத்தானே போடுவாங்க. உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

"ஃபேன் மெதுவா ஓடுது."

"அஞ்சுல ஓடுது."

அந்த நேரம் பார்த்து அஸ்வத் கையில் கடலைமிட்டாயோடு வந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒரு மிட்டாய் வாங்கி வருவேன். சட்டை நுனியில் சுற்றாமல் அப்படியே காக்காக்கடி கடித்து, அவனுக்குப் பாதி எனக்குப் பாதி. நாள் முழுக்க எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

"அம்மா, இப்பல்லாம் அப்பா காக்காக்கடி கடிக்கிறதே இல்ல. நான்தான் கடிச்சுக் குடுக்கறேன். அப்பா இந்தப் பக்கமா வச்சு சப்புறாங்க" என்று தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

"அப்படியா" என்றாள் பிரியா. அவ்வளவுதான். பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பல் என்ற பேச்சே எழவில்லை. ஈறும் போன இடம் தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்ததே இல்லை என்பது அப்போதாவது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள், இட்லியை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"புதன்கிழமை காலைல நம்ம ஃப்ளாட் ஹால்ல பல் கேம்ப் வைக்கிறாங்க. மாசமா இருக்கறவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும்."

"நல்ல விஷயம். அன்னிக்குக் கடையில சரக்கு வருது."

"வரட்டும். ஆனா ஒரு சிக்கல்ங்க. டாக்டரம்மாவுக்குத் தமிழும் இங்கிலீஷும்தான் வருமாம். கீழ்வீட்டு ஹமீதுன்னிசாம்மா மருமகளுக்கு உருது. ஜெயஸ்ரீக்குத் தெலுங்கு. வாட்ச்மேன் சம்சாரத்துக்கு ஹிந்தி. யாராவது எடுத்துச் சொல்லணும். செகரட்டரி, போன்ல பேசினா அதுவே மாத்திச் சொல்லிடும்னு சொன்னாரு."

"போனா? போனுக்கு நெல்லூர் தெலுங்குக்கும் ஹைதராபாத் தெலுங்குக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"நானும் அதான் கேட்டேன். எங்க வீட்டுக்காரர் இருக்கறப்ப போன் எதுக்குன்னு."

இன்னொரு இட்லி விழுந்தது. ஆனாலும் நான் ஜாக்கிரதையாகவே இருந்தேன்.

"நான் உக்கார வேண்டாமே?"

"நீங்க எதுக்கு உக்காரணும்? நின்னுக்கிட்டுப் பேசறதுதானே."

புதன்கிழமை ஹாலுக்குப் போனேன். நடுவில் மடக்கிப் பிரிக்கிற ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு மெஷின். டாக்டர் ஸ்வர்ணலதா சின்ன வயசு. மெல்லிய குரல். கும்பிட்டார். எதிரே ஹமீதுன்னிசாம்மா, அவருடைய மருமகள், ஜெயஸ்ரீ, வாட்ச்மேனின் மனைவி, இன்னும் சில பெண்கள். ஓரத்தில் பிரியா. தரையில் பிள்ளைகள்.

டாக்டர் ஆரம்பித்தார். "ஈறுல ரத்தம் வந்தா பயப்படாதீங்க. மாசமா இருக்கும்போது ஈறு வீங்கறது சகஜம். அதுக்காகப் பல் தேய்க்கறதை நிறுத்தாதீங்க. மெத்துனு இருக்கற பிரஷ்ஷால ரெண்டு வேளையும் தேய்க்கணும்."

அப்போதுதான் ஒரு உண்மை எனக்குப் புரிந்தது. ஈறுக்குத் தமிழைத் தவிர வேறு எந்த பாஷையிலும் எனக்கு வார்த்தை தெரியாது. என் பாஷைகளெல்லாம் கடைக்குள் பிறந்து கடைக்குள் வளர்ந்தவை. பார்டர், முந்தானை, சாயம் போகாது, கடைசி விலை இதுதான். இதைத் தாண்டி அவை வெளியே போனதில்லை. ஆனால் வியாபாரி சரக்கு இல்லை என்று சொல்லலாமா?

ஜெயஸ்ரீயிடம் தெலுங்கில் சொன்னேன். பல்லுக்குக் கீழே பார்டர் இருக்கிறதல்லவா, அது சிவந்தால் பயப்படாதே, இந்த சீசனில் அப்படித்தான். தினமும் இரண்டு வேளை மென்மையாகத் துவைக்க வேண்டும். ஜெயஸ்ரீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

"வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீங்க. தண்ணியில கொப்பளிச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் தேய்ங்க" என்றார் டாக்டர்.

கறை பட்டவுடன் தேய்த்தால் சாயம் போய்விடும், முதலில் வெறும் தண்ணீரில் அலசு என்று உருதில் சொன்னேன். இது சேலைக்கும் சரி என்பதால் எனக்கு மனசாட்சி உறுத்தவில்லை.

"பால் பாட்டிலை வாயில வச்சுக்கிட்டே குழந்தையைத் தூங்க விடாதீங்க. முதல் பல் வந்ததுமே ஒரு அரிசி அளவு பேஸ்ட் வச்சுத் தேய்ச்சு விடணும்."

ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் துணி இற்றுப்போகும், சோப்பு மட்டும் அரிசி அளவு என்று ஹிந்தியில் சொன்னேன். வாட்ச்மேனின் மனைவி என்னையும் அரிசியையும் சேர்த்து யோசித்தாள்.

"கடைசியா ஒண்ணு. அம்மா அப்பா பல்லுல சொத்தை இருந்தா, எச்சில் வழியா அந்தக் கிருமி குழந்தைக்குப் போகும். கடிச்சுக் குடுக்கறது, ஒரே ஸ்பூன்ல ஊட்டறது எல்லாம் வேண்டாம். முதல்ல பெரியவங்க தங்களோட பல்லைச் சரி பண்ணிக்கணும்."

சாயம் போகிற துணியை வெள்ளைத் துணியோடு ஊறப் போட்டால் வெள்ளையும் கெடும். தெலுங்கில் சரளமாகச் சொன்னேன். உருதில் சொன்னேன். ஹிந்தியில் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. தரையில் அஸ்வத் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயில் நான் கடித்த பாதி எத்தனை போயிருக்கும் என்று நினைத்தேன். நிஜமாகவே பயந்தேன், ஆனாலும் நாற்காலி பக்கம் திரும்பவில்லை.

"சரி, யார் முதல்ல உக்கார்றீங்க?" என்றார் டாக்டர்.

யாரும் அசையவில்லை.

"இன்னா தம்பி, பயமா கீது" என்றார் ஹமீதுன்னிசாம்மா. "மருமக வேணாம்னு சொல்லிக்கினு கீறா. வலிக்கும்ல?"

"நொப்பி உண்டுந்தா?" என்று ஜெயஸ்ரீயும் அதே வலியைத் தெலுங்கில் கேட்டாள்.

"வலிக்காதும்மா" என்றேன். எல்லா பாஷையிலும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஒருத்தி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இன்னொருத்தி எழுந்து வாசலைப் பார்த்தாள்.

"பாவம் டாக்டர். எல்லாரும் போயிடுவாங்க போலருக்கே" என்றாள் பிரியா, யாரிடமோ சொல்வதுபோல.

வாடிக்கையாளர் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. என் உடம்பு அப்படிப் பழகிவிட்டது. கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் சேலை இல்லை. எதிரே நாற்காலிதான் இருந்தது.

"இருங்கம்மா, போகாதீங்க. நான் உக்காந்து காட்டறேன்" என்றேன்.

உட்கார்ந்தேன். சாய்ந்தேன். தலையை இடமும் வலமும் திருப்பி, சாய்மானம் எவ்வளவு சுகம் என்று காட்டினேன். பெண்கள் பையை இறக்கி வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாயையும் திறந்து காட்டினேன்.

டாக்டர் விளக்கைப் போட்டு, வலது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தினதை நேராகப் போய்த் தட்டினார். தேடவே இல்லை.

"வலிக்குதா சார்?"

கொஞ்சம் முன்னால்தான் வலிக்காது என்று இத்தனை பாஷையில் சொன்னவன். "இல்ல டாக்டர்" என்றேன்.

"கண்ணுல தண்ணி வருதே?"

"லைட்டு கூசுது."

"அப்படின்னா மரத்துப்போற ஊசி வேண்டாம். அப்படியே சொத்தையைச் சுத்தம் பண்ணிடறேன்."

ஊசி போடுங்கள் என்று நான் கேட்டது தமிழ், தெலுங்கு, ஹிந்தி, உருது நான்கிலும் எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்தது. மலையாளத்திலும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

எழுந்தபோது பாதி முகம் எனக்குச் சொந்தமில்லை. சொத்தையை எடுத்துத் தற்காலிகமாக அடைத்திருப்பதாகவும், வேர் சிகிச்சைக்கு அடுத்த வாரம் மயிலாப்பூர் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். நான் பெருமையோடு பெண்கள் பக்கம் திரும்பி, இனி வரிசையாக வாருங்கள் என்று கையைக் காட்டினேன். அவர்கள் ஆளுக்கொரு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் பிள்ளைகள்தான் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

டாக்டர் ஜெயஸ்ரீயிடம் திரும்பி, ரத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டார். தெலுங்கில் கேட்டார். அதுவும் சுத்தமான நெல்லூர் தெலுங்கு. வாட்ச்மேனின் மனைவியிடம் ஹிந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஹமீதுன்னிசாம்மாவின் மருமகள் என்னிடம் வந்து, "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா. எங்களுக்கெல்லாம் போன மாசமே பாத்தாச்சு" என்றாள், நல்ல தமிழில்.

நான் பிரியாவைப் பார்த்தேன். மரத்துப்போன வாயால் "இந்த கேம்ப்பு?" என்றேன்.

"நிஜ கேம்ப்தான். பிள்ளைங்களுக்கு. உங்களையும் அதுல சேத்துக்கிட்டாங்க. நாங்க எல்லாரும் போன மாசமே ஆட்டோல மயிலாப்பூர் போய்க் காட்டிட்டு வந்துட்டோம்."

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். அது இருவருக்கும் தெரியும்.

"பிள்ளை பொறந்ததும் நீங்க கொஞ்சாம இருக்க மாட்டீங்க. கொஞ்சாதீங்கன்னு சொல்ல எனக்கும் மனசு வராது. வேற என்ன பண்றது?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். ஊசியினால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலம் முகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. காபி குடித்தேன். சுரீர் இல்லை. தண்ணீர் குடித்தேன். அதற்கும் இல்லை. உடனே என் பழைய தீர்மானம் தலையைத் தூக்கியது.

"பிரியா, வலி சுத்தமா போயிடுச்சு. டாக்டரம்மாவுக்கு நல்ல கை. இதுக்கு மேல வேர் வரைக்கும் எதுக்குப் போகணும்? அடுத்த வாரம் வரலன்னு சொல்லிடேன்."

அவள் அஸ்வத்தின் பழைய சட்டைகளை வரப்போகிற பிள்ளைக்காக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"உடுத்தின சேலையைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு நம்ம கடையிலயே எழுதிப் போட்டிருக்கீங்களேங்க."