மஞ்சளானால் தொட்டி தங்கும்

சோதனைக் குழாயில் தண்ணீர் மறுபடியும் செக்கச்செவேல் என்று மாறியதைப் பார்த்ததும் நம்ம ஆள் சோபாவில் பொத்தென்று விழுந்தார். காலையிலிருந்து உப்புத் தண்ணீர் வாளி தூக்கியதில் இடுப்பு ஏற்கெனவே கழன்றிருந்தது. மிச்சமிருந்த தெம்பையும் அந்தச் சிவப்பு பிடுங்கிக்கொண்டது.

நம்ம ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. "நிறுத்தி வைத்த கார் தானாகப் போய் மோதிக்கொண்டது" என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தப் பொய்களைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் வேலை. நாள் முழுக்க ஊரார் பொய்யைப் படித்து அலுத்து வருகிற மனிதருக்கு ஒரே ஆறுதல், கூடத்து ஜன்னலோரம் இருந்த கடல்நீர்த் தொட்டி. உள்ளே ரெண்டு கோமாளி மீன், கொஞ்சம் பாறை, பாறைமேல் உயிருள்ள பவளங்கள். அவை விரிந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மேனேஜர் முகமே மறந்துபோகும். இப்போது என்னடா என்றால், அத்தனையும் பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தன. மீன் தின்றது போக மிச்சமான தீனியும் கழிவும் சேர்ந்து தண்ணீரில் நைட்ரேட்டை ஏற்றிவிட்டிருந்தன. சோதனை மருந்தைச் சொட்டினால் தண்ணீர் மஞ்சளாக நிற்க வேண்டும். சிவந்தால் பவளங்களுக்கு ஆபத்து.

"என்னங்க, என்ன கலரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"லேசா... ஆரஞ்சு மாதிரி."

அம்மணி வந்து எட்டிப் பார்த்தார். "இதுவா ஆரஞ்சு? எனக்கும் கண்ணு இருக்குங்க."

அம்மணிக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவரைக்கூட "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று ஒரே வார்த்தையில் உட்கார வைக்கிற குரல். அதே குரலில் தீர்ப்பு வந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுக்குள்ள மஞ்சளாகலைன்னா தொட்டி வீட்டை விட்டுப் போயிடணும். ஒரு ஞாயித்துக்கிழமையாவது மனுஷனா உட்கார்றீங்களா நீங்க? கூடம் பூரா உப்பு. துடைச்சுத் துடைச்சு என் கை போச்சு. அந்த ஜன்னல்கிட்ட ஒரு நாற்காலி போட்டு உக்காரணும்னு எவ்வளவு நாளா கேக்கறேன்!"

"சரி, மஞ்சளாயிடுச்சுன்னா?"

"ஆகட்டும், பேசிக்கலாம்."

பத்திரத்தில் இப்படி ஒரு சொல்லைப் பார்த்தால் நம்ம ஆள் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். சொன்னது மனைவியாச்சே! அப்படியே நம்பிவிட்டார்.

அன்றிலிருந்து மனிதர் மாடாக உழைத்தார். பாறையடியில் சேர்ந்த அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சினார். வடிகட்டிப் பஞ்சை அலசினார். பாதித் தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டுப் புது உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றினார். தீனியைச் சிட்டிகையாகக் குறைத்தார். ஆபீசில் ஒரு பொய்க் கோப்பின் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போனார். சோதனைக் குழாய் மட்டும் அசையாமல் சிவந்தே நின்றது.

காரணம் ஒரு நாள் காலையில் தெரிந்தது. மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மணி தொட்டி முன்னால் நின்று தீனி டப்பாவைத் தாராளமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ! நான்தான் போட்டுட்டேனே!"

"நீங்க போட்டது அதுங்க பல்லிடுக்குக்குக்கூடக் காணாது. பாருங்க, கண்ணாடிகிட்ட வந்து வந்து வாயைத் திறக்குது, பாவம்."

"அது மீனும்மா! வாயைத் திறந்துதான் மூச்சு விடும்!"

"பசிச்சாலும் வாயைத்தான் திறக்கும்."

"எவ்வளவு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நீங்க வாங்கிட்டு வந்ததுலேர்ந்துதான். சாயங்காலமும் கொஞ்சம் போடுவேன்."

நம்ம ஆள் குடையோடு தரையில் உட்கார்ந்தார். ஆனால் அம்மணி நியாயஸ்தி. இனிமேல் டப்பாவைத் தொடமாட்டேன் என்று சொன்னார், தொடவும் இல்லை. அதற்கப்புறம் சிவப்பு மெல்ல இறங்கி ஆரஞ்சுக்கு வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

மாசத்தின் கடைசி ஞாயிறு. அம்மணி குளித்துக்கொண்டிருந்தார். நம்ம ஆள் சோதனைக் குழாயைக் கையில் எடுத்தார். இன்னும் ஆரஞ்சாக இருந்தால்? பார்க்கவே பயமாக இருந்தது. பக்கத்தில் வாளி நிறையப் புதிதாகக் கலக்கிய உப்புத் தண்ணீர். மீன் படாத தண்ணீர், ஒரு துளி நைட்ரேட் இருக்காது. இந்த மாதிரி வேலை பண்ணியவர்களில் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்! கண்ணை மூடிக்கொண்டு வாளியிலிருந்தே மொண்டு, மருந்தையும் சொட்டி வைத்தார்.

தலை துவட்டிக்கொண்டு வந்த அம்மணி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அட, மஞ்சள்! நெஜமாவா?"

"நீதான் பாக்கறியே."

அம்மணி போனை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

"படம் எதுக்கு?"

"டாக்டருக்கு அனுப்பத்தான். அங்க வர்ற பசங்க அழாம இருக்க ஒரு மீன்தொட்டி வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார். கலங்கின தண்ணியா இருந்தா வேணாம், சரியானதும் சொல்லுங்கன்னார். அனுப்பிட்டேன். இன்னைக்கே ஆள் வரும்."

நம்ம ஆள் தொட்டிக்குக் குறுக்கே போய் நின்றார். "மஞ்சளானா தொட்டி இங்கதான் இருக்கும்னியே!"

"நான் எங்க சொன்னேன்? பேசிக்கலாம்னேன். இதோ, பேசறோம்ல?"

ஒரு மாசம் இடுப்பொடிய உழைத்துத் தொட்டியைத் தானே கழுவித் துடைத்து டாக்டருக்குத் தயார் செய்து வைத்திருக்கிறார் மனிதர்! ஆனால் கையில் இன்னும் ஒரு துருப்பு இருந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"முதல்ல அந்தப் படத்தை அழி. அது தொட்டித் தண்ணியே இல்ல. வாளித் தண்ணி. நான் பண்ணினது சுத்தப் பித்தலாட்டம். தொட்டி இன்னும் சரியாகல. இப்ப என்ன பண்ணுவே?"

அம்மணி கொஞ்சம்கூட அசரவில்லை. "சரியாகலைன்னா வீட்டை விட்டுப் போகணும்னுதானே பேச்சு?"

நம்ம ஆள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரல் உடைந்துவிட்டது. "ஏம்மா, வீட்டுக்கு வந்தா எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதானே..."

அம்மணிக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, வாங்க. நெஜத் தண்ணியைப் பாத்துடலாம்" என்று தானே குழாயைக் கழுவித் தொட்டியில் மொண்டார். மருந்தை நம்ம ஆள் சொட்ட, அம்மணி குலுக்கினார். ரெண்டு பேரும் சோபாவில் தோளோடு தோள் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

மஞ்சள். அசல் மஞ்சள். அதோடு பாறை ஓரத்துப் பவளம் ஒன்று எத்தனையோ நாளைக்கப்புறம் லேசாக விரிந்திருந்தது. நம்ம ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்பாடா!" என்று அம்மணி பெருமூச்சு விட்டார். "டாக்டர்கிட்ட பொய் சொன்னதா ஆயிடுமோன்னு பயந்தே போயிட்டேன்."

"அப்ப... தொட்டி?"

"எங்க போயிடப் போகுது? நீங்க எப்ப வேணும்னாலும் போய்ப் பாக்கலாம். ஞாயித்துக்கிழமைதோறும் எங்க வீட்டுக்காரரே வந்து தண்ணி மாத்திக் குடுப்பார்னு நான் வாக்குக் குடுத்திருக்கேனே."

நம்ம ஆளின் கை தானாக இடுப்புக்குப் போனது. அம்மணி ஆதரவாக அவர் இடுப்பைத் தடவிக் கொடுத்தார்.

"வாளி மட்டும் சின்னதாப் பாத்து எடுத்துட்டுப் போங்க. கிளினிக் மூணாவது மாடி. ஞாயித்துக்கிழமை லிஃப்டை நிறுத்திடுவாங்க."