சேவலின் வேலையை நான் பிடுங்கிய விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். ஏழு கோழிகளும் நலம். சேவல் மிகமிக நலம். அங்கு நீங்களும், அக்காவும், நாற்பது நாளாக உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனவள் அவள். அவசரம் ஒன்றும் இல்லை, இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இதுவரை உள்ளதை அவளுக்குப் படித்துக் காட்டலாம். இதற்கு மேல் வேண்டாம்.

அவளுக்கே எழுதலாமே என்பீர்கள். இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு, "நல்லா இருக்கேன். கோழிக்குத் தண்ணி மாத்துங்க" என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. போன் செய்தால் "ம்… ம்…" என்கிறாள், நடுவில் கொட்டாவி விடுகிறாள், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். முப்பத்தொரு வருடம் கூட இருந்தவன் குரல் கொட்டாவி வரவழைக்கிறது என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

நடந்ததைச் சொல்கிறேன். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளனாக முப்பத்து மூன்று வருடம் விசில் ஊதியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற மறுநாளும் பேருந்துகள் நேரத்துக்குக் கிளம்பின. கோழி கூவித்தானா பொழுது விடிகிறது என்பார்கள், ஆனால் அதைக் கோழியின் காதில் விழும்படி சொல்லக் கூடாது. மூன்றாவது வாரம், கொல்லையில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த உங்கள் தங்கையின் கையிலிருந்து டப்பாவை வாங்கி, "நீ உக்காரு. இனிமே கோழி எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் என்னை வெகு நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நான்காம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

சரி, வரும்போது அசந்துபோகட்டும் என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். ஆறு மணிக்குக் கூடு திறப்பு, ஏழுக்குத் தீனி, மாலை ஐந்தே முக்காலுக்கு அடைப்பு என்று அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டி, கடையில் புதிதாக வாங்கிய விசிலும் ஊதினேன். முதல் ஊதலில் ஏழும் ஏழு திசைக்கு ஓடின, ஒன்றை அடுத்த வீட்டுத் துணிக்கொடியிலிருந்து இறக்கினேன். அடைந்த பிறகாவது ஒழுங்காக உட்காரட்டும் என்று, கம்பில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தூக்கி வைத்தேன். அவற்றுக்குள் ஏற்கெனவே ஒரு வரிசை இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? 'மேலாளர்' என்று உங்கள் தங்கை பெயர் வைத்திருக்கும் அந்தக் கறுப்புக் கோழிதான் எப்போதும் ஓரத்தில் முதலில் உட்காருமாம். அதை ஐந்தாவதாக வைத்துவிட்டேன். ஒரு சிறகடிப்பு, ஒரு கூச்சல், இரண்டு கொண்டையில் ரத்தம், என் கண்ணாடியின் ஒரு பக்கம் போயிற்று.

பத்தாவது நாள் இதைவிடப் பெரிய இடி விழுந்தது. மதியம் கொல்லைக்குப் போனால் ஏழும் செத்துக் கிடக்கின்றன. புழுதியில் பக்கவாட்டில் சரிந்து, ஒரு இறக்கை விரிந்து, ஒரு கால் நீட்டி, அலகு திறந்து, கண் பாதி மூடி. கைக்கு எட்டியதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, கண்ணீர் மல்க இரண்டு தெரு ஓடி, கால்நடை மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்தேன். துண்டுக்குள் அது அசையவே இல்லை. உங்கள் தங்கைக்கு என்ன பதில் சொல்வேன் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தபோது மடியில் சூடாக ஏதோ பட்டது. முட்டை. டாக்டரம்மா துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "செத்த கோழி முட்டை போட்டு இப்பத்தான் சார் பாக்கறேன்" என்றார். "வெயில் காய்ஞ்சிருக்கும். புழுதியில குளிச்சா பேன் போகும். சொகத்துல அப்படியே சொக்கிப் போயிரும். போய் நீங்களும் கொஞ்சம் சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். மைத்துனரே, இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கொல்லை மரத்தடியில் நாற்காலி போட்டு அன்று மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கோழிகள் புழுதியை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டன, அது வெயிலில் மெல்ல எழுந்து மெல்ல இறங்கியது. அவை தொண்டைக்குள் ஒரு சத்தம் வைத்திருக்கின்றன, தமக்குத்தாமே ஏதோ சொல்லிக்கொள்வதைப் போல. கண்ணை மூடும்போது கீழ் இமை மேலே வருகிறது. நிமிடத்தை எண்ணியே வாழ்ந்தவன் நான், நிழல் சுவரேறிப் போனதுகூடத் தெரியவில்லை. இதையா இத்தனை வருடம் இவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. மறுநாளும் உட்கார்ந்தேன். அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

இந்தச் சுகம் சேவலுக்குத்தான் பொறுக்கவில்லை. நான் டப்பாவோடு வந்தால் போதும், ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஆடி ஆடி வரும், பிறகு பாய்ந்து கால்முள்ளால் என் ஆடுசதையில் குத்தும். குடையை விரித்துக்கொண்டு போனேன், குடையைக் கிழித்தது. வாளி மூடியைக் கேடயமாகப் பிடித்தேன், மூடியில் தன் முகத்தைப் பார்த்து இரண்டு மடங்கு கோபம் கொண்டது. கடைசியில் டாக்டரம்மாவையே அழைத்து வந்தேன். வேலியோரம் நின்று நான் தீனி போடுவதைப் பார்த்தார்.

"நீங்க 'பா… பா…'ன்னு கூப்பிட்டதும் எல்லாம் உங்ககிட்ட ஓடி வருது. அது யார் வேலை?" என்று கேட்டார்.

"என் வேலை."

"இல்ல சார், அவன் வேலை. சேவல் தீனியைக் கண்டா உடனே திங்காது. 'கொக் கொக்'னு கூப்பிட்டு, கொத்திக் காட்டி, பெட்டைங்க தின்ன பிறகுதான் வாய் வைக்கும். அதுதான் அவனுக்கு மரியாதை. நீங்க அதைப் பிடுங்கிட்டீங்க. அவன் கண்ணுக்கு நீங்க இன்னொரு சேவல். வயசான சேவல்."

அந்தக் கடைசி வார்த்தை தேவையே இல்லை. "என் மனைவியை இவன் ஒரு நாளும் தொட்டதில்லையே?" என்றேன்.

"அவங்க எப்படிப் போடுவாங்க?"

யோசித்துப் பார்த்தேன். முதல் பிடியைச் சேவலின் முன் போட்டுவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாதது போல் திரும்பி நின்று கொல்லையைப் பெருக்குவாள். பத்திரிகைக்கு மேலாக ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். மறுநாள் அப்படியே செய்தேன். சேவல் என்னைப் பார்த்தது, தீனியைப் பார்த்தது, பிறகு 'கொக் கொக்' என்றது. ஏழும் ஓடி வந்தன. அது ஒரு தானிய மணியைக்கூடத் தொடாமல் தலை நிமிர்ந்து நின்றது. அன்றோடு சண்டை தீர்ந்தது.

எனக்குத்தான் தீரவில்லை. விசிலை என் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொண்டபோது எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதையே உங்கள் தங்கைக்குச் செய்திருக்கிறேன். சேவலாவது குத்திச் சொன்னது, அவள் சொல்லாமல் போய்விட்டாள். அவசரம் இல்லை என்று மேலே எழுதியது பொய். வராமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எப்படியாவது பேசிப் பாருங்கள். அவள் வேலையை அவளுக்கே கொடுத்துவிடுகிறேன், ஒரு தானியத்தைக்கூடத் தொட மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் உடல் நலமும், தடையில்லாத தூக்கமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தப்பை ஒப்புக்கொண்ட
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: அண்ணா, இதை எழுதுவது நான். காலையில் உங்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியவள் மதியம் வந்து சேர்ந்தேன். இவர் மரத்தடி நாற்காலியில் கையில் பேனாவோடு தூங்குகிறார். மடியில் கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டேன். எனக்கு ஒரு கோபமும் கிடையாது. டப்பாவை வாங்கிக்கொண்டாரே, அப்பாடா என்று இருந்தது. உட்காரு என்று இவர் சொன்னதும் உட்கார்ந்தேன், உட்கார்ந்த பிறகுதான் எனக்கு எவ்வளவு அசதி என்று தெரிந்தது. இந்த வீட்டில் பகலில் கண் அயர முடியுமா? கால் மணிக்கு ஒரு தரம் அது எங்கே, இது எங்கே என்று வந்து நிற்பார். அதனால்தான் அங்கே தூங்க வந்தேன். அண்ணி என்னை எழுப்பி எழுப்பிச் சோறு போட்டது உங்களுக்கே தெரியும்.

ஆனால் இப்போது நடந்ததைக் கேளுங்கள். வந்ததும் ஆசையாக ஒரு பிடி தீனியை எடுத்து, எப்போதும் போலச் சேவல் முன் போட்டுவிட்டுத் திரும்பி நின்றேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், ஏழு கோழியும் சேவலைப் பார்க்கின்றன, சேவல் தூங்குகிற இவரைப் பார்க்கிறது. என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடம் வளர்த்தவள் நான்! எனக்கு இருப்பதாக இவர் நினைத்துப் பயந்த அந்தக் கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது. மன்னிப்பை முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இவரை எழுப்பவில்லை. நன்றாகத் தூங்கட்டும். நானும் நாற்பது நாள் தூங்கித் தெம்பாக வந்திருக்கிறேன். எழுந்ததும் சண்டை இருக்கிறது.