இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் வரப்போகிற விஷயத்தில் மறந்துபோகும். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தாலே என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது, கடிதத்தில் அந்த வசதி இல்லை.

ஐந்து வாரத்துக்கு முன், என் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாலு பேர் பார்க்க, "கம்ப்யூட்டர்ல நீங்க செஞ்சு குடுத்த டேபிள் ஊத்திக்கிச்சு, இனிமே என் கடைப் பக்கமே வராதீங்க" என்று போனில் உங்களிடம் கத்தினேன் அல்லவா, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். தப்பு முழுக்க என்னுடையது. ஷட்டரை இறக்கும்போது மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிடுவது என் இருபது வருடப் பழக்கம். "மாமா, முதல்ல ஃபைலை மூடுங்க, அப்புறம் கம்ப்யூட்டர், கடைசியாத்தான் ஸ்விட்ச்" என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். கடையையே மூடுகிறோம், ஃபைலைத் தனியாக வேறு மூட வேண்டுமா என்று நான் விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் திறந்தால் வாடிக்கையாளர் டேபிளில் 212-ஆவது வரி முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமுமாக நிற்கிறது, அதைத் தொட்டால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோகிறது. நான் கத்தி முடித்ததும் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, எதையும் தொடாதீங்க. முதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்க. சனிக்கிழமை வந்து பாக்கறேன்." வரவே வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். நீங்களும் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

காப்பி எடுக்கவில்லை. பக்கத்து போட்டோ ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் "இதெல்லாம் ஒரு வேலையா சார், புதுசா ஒரு டேபிள் போட்டு நல்ல வரியெல்லாம் அதுல இறக்கிட்டு, கெட்டதை விட்டுடலாம்" என்றார். பத்தே நிமிடம். புது டேபிள் ஒன்று, இரண்டு என்று தானாகவே எண் போட்டுக்கொண்டது. கெட்ட வரி இருந்த சுவடே இல்லை, 213-இல் இருந்தவர் 212-க்கு வந்துவிட்டார், அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு இடம் முன்னேறிவிட்டார்கள். எவ்வளவு சுத்தம் பார் என்று உங்கள் அத்தையைக் கூப்பிட்டு வேறு காட்டினேன். பெயர் ஒரு டேபிளில், கண் பவர் இன்னொரு டேபிளில், இரண்டையும் சேர்ப்பது அந்த எண் ஒன்றுதான் என்று நீங்கள் விளக்கிய அன்று நான் தலையாட்டியதோடு சரி. இப்போது பெயர்கள் நகர்ந்துவிட்டன, பவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியே பதினோரு பேருக்குக் கண்ணாடி செய்து கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துக் கணக்கு டீச்சர் வந்து, "கரும்பலகையில நான் எழுதினதே எனக்குத் தெரியல, பசங்க வாசிச்சுக் காட்டறாங்க" என்றார். புதுக் கண்ணாடி பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று சமாளித்தேன். அதே நேரம் பஸ் டிரைவர் தன் கண்ணாடியை வாங்க வந்தார். போட்டுப் பார்த்துவிட்டு, "சார், உங்க கடைப் படி எங்க இருக்கு?" என்றார். அவர் கழற்றி மேஜையில் வைத்ததை டீச்சர் எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டு, "இதுதான் என் கண்ணாடி, இவருகிட்ட ஏன் குடுத்தீங்க?" என்றார். திரையில் பார்த்தேன். டீச்சர் 212, டிரைவர் 213. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒவ்வொருவருக்கும் பட்டியலில் தனக்கு முன்னால் இருந்தவரின் பவர். அந்தக் கண்ணாடியோடு அவர் பஸ்ஸில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

எண்ணை ஒன்று தள்ளினால் போதுமே என்று உங்கள் அத்தை சொன்னாள். எனக்குக் கம்ப்யூட்டர் மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. பழைய 212-க்குப் பிறகு இருந்த அறுபத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி கண் பார்த்து, பவரை நானே ஒற்றை விரலால் அடித்து ஏற்றினேன். மூன்று வாரம். நேற்றோடு முடிந்தது.

அறுபத்தெட்டுப் பேரிடம் கேட்ட மன்னிப்பை முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆளிடம் கடைசியாகக் கேட்கிறேன். கண்ணாடி வாங்க என் கடைக்கு வந்தவர்தான் நீங்கள், அப்புறம்தான் மாப்பிள்ளை. உங்களைப் போய் வராதீர்கள் என்றேன். அன்றிலிருந்து மகள் போன் செய்தால் "நல்லா இருக்கீங்களாப்பா" என்பதோடு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாள். அவள்மேல் தவறில்லை. வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகமும் இல்லை. டேபிள்தான் சரியாகிவிட்டதே, அதற்காக நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் பார்வையாக, நீண்ட நாள் வாழ வேண்டும்.

அன்புடன்,
மாமா

பி.கு.: இதைப் போட உறை தேடியபோது, இழுப்பறைக்குள் ஒரு பழைய கண்ணாடிக் கூடு கிடைத்தது. மேலே மகளின் கையெழுத்தில் "பழுதானால் மட்டும்" என்று இருந்தது, உள்ளே உங்கள் பென் டிரைவ். நீங்கள் அப்போதே காப்பி எடுத்து வைத்திருக்கிறீர்கள். சந்தோஷத்தில் அதைச் செருகி உள்ளே இறக்கினேன். ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதட்டுமா என்று கேட்டது. இந்த முறையாவது மாப்பிள்ளையை நம்புவோம் என்று "ஆம்" கொடுத்துவிட்டேன். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய காப்பி. அதற்குப் பிறகு சேர்ந்த அறுபத்தெட்டுப் பேரும் போய்விட்டார்கள். இந்த ஐந்து வாரத்தில் வந்த புது ஆட்களும் இல்லை.

ஆனால் 212-ஆவது வரி திரும்பி வந்திருக்கிறது, மாப்பிள்ளை. அது நீங்கள். நீங்கள் முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று உங்கள் வாடிக்கையாளர் அட்டையில் நான் கிறுக்கி வைத்ததையும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் நீங்களே அடித்து வைத்திருக்கிறீர்கள்: "கேள்வி அதிகம். கோபம் வராது. மறுபடி வருவார்."

எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை வாருங்கள்.