சித்தப்பாவுக்கு ஒரு துளசிமணி மாலை

அன்புள்ள கோகிலா சித்திக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம் மட்டும் காட்டலாம், வேலை அவருக்குத்தான். அம்மாவிடம் போனில் மூச்சு விடாதீர்கள், அய்யா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். சென்னையிலிருந்து கேணிக்கரை மாமியார் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களாம், சந்தோஷம். இங்கே நாளை மதியம்வரை எல்லோரும் நலம்.

எல்லாம் உங்களால் வந்தது சித்தி. போன வருஷம் பால்கனியில் மூன்று தக்காளி காய்த்ததற்குப் போட்டோ அனுப்பி, "நாமே வளத்து நாமே சாப்பிடுற சுகமே தனி அத்தான்" என்று எழுதினீர்களே, அன்றைக்கு அய்யாவுக்கு ரோஷம் வந்தது. "ஊருக்கே மொளகா வெளைய வச்சுக் குடுக்கிறவன் தக்காளியக் கடையில வாங்குறதா?" என்று கொல்லையைக் கொத்தினார். எங்கள் போர்த் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். முதல் கீரை உப்புப் போடாமலே கரித்தது. "நல்லதுதான, வாலிநோக்கத்து உப்பு மிச்சம்" என்றார். பிறகு ஊருணித் தண்ணீர், குடம் குடமாக. யார் சுமந்தது? டியூஷன் போச்சு, கணக்கில் பெயில். ஒருவழியாகக் காய்த்ததும் பறிக்க விடவில்லை. "கோகிலா வந்து பாக்கட்டும்" என்கிறார். அதுவரை உச்சிப்புளியில் கத்தரிக்காய் வாங்கி, ஊர் பார்க்காமல் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தின்கிறோம்.

அத்தோடு விட்டாரா? கறியும் நம்முடையதாக இருக்கவேண்டுமென்று ஓர் ஆட்டுக்குட்டி. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது நான். பெயர் கருப்பட்டி. நாளை உங்களுக்கு அதுதான் விருந்து. "அய்யா, அது எம் பின்னாலயே வருதுய்யா" என்று அழுதேன். "ஏத்தா, கடைக்கறின்னா என்னத்தப் போட்டு வளத்தானோன்னு பயப்படணும். இது உங் கையால வளந்தது, அதான ருசியே" என்றார். அந்த ருசி எனக்கு வேண்டாம் சித்தி.

அதனால் நாளை வரும்போது சித்தப்பா கழுத்தில் ஒரு துளசிமணி மாலை, இடுப்பில் கருப்பு வேட்டி. கார்த்திகை மாதம்தானே, மலைக்குப் போகிறேன் என்றால் அய்யாவே "சாமி" என்று கும்பிட்டு ஒதுங்கிவிடுவார். வீட்டில் கறி வேகாது. கொல்லைக் காய்கறியே போதும். சென்னைக்குப் போனதும் கழற்றிக்கொள்ளட்டும், பாவம் என் தலையில்.

பயமாக இருந்ததால் கருப்பட்டியை இருட்டினதும் அவிழ்த்து, என் கட்டிலுக்கு அடியில் ஒளித்திருக்கிறேன். கீழே விரிக்கக் கொல்லையில் கிடந்த சாக்கை எடுத்து உள்ளே போட்டு வரும்வரை, படலோரம் அங்கனயே சமர்த்தாக நின்றது. இப்போது அசை போட்டபடி கிடக்கிறது. இத்தனை நிம்மதியாக அது அசை போட்டு நான் பார்த்ததே இல்லை.

என்னோடு படிக்கிற ரம்ஜான் பீவி காலை முதல் பஸ்ஸில் வந்து இதைத் தருவாள். சித்தப்பா சாமிக்கு என் நமஸ்காரம். இப்போதே சொல்லிப் பழகுகிறேன்.

உங்கள்
பூமயில்

பி.கு: சித்தி, மாலை வேண்டாம். இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கருப்பட்டி வாயோரம் கத்தரிக்காம்பு, மூக்கில் தக்காளி விதை. கொல்லைப் படலைச் சாத்த மறந்திருக்கிறேன். உங்கள் காய்கறி விருந்து முழுக்க அது வயிற்றுக்குள் இருக்கிறது. சமைக்க இனி மிச்சம் அது ஒன்றுதான். நீங்கள் வரவே வேண்டாம். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்று

கதவைத் தட்டுறாரு. "ஏத்தா பூமயிலு, கொல்லப் படல யாரு தெறந்து போட்டது?" நான் பேசல சித்தி, கருப்பட்டிதான் பதில் சொல்லுது, வாயப் பொத்துனாலும்